பினாங்குத் தீவின் மேற்குச் சாலையில் வண்டியை நிறுத்திப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஈப்போ அன்பர் ஒருவர், பினாங்கில் இனி பார்க்க என்ன இருக்கிறது, எங்கே போனாலும் நெரிசல்தான், கார் நிறுத்த இடமில்லை, பள்ளி விடுமுறைக்கு வேறு ஊர் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். நெரிசலைப் பற்றி அவர் சொன்னது அத்தனையும் உண்மை, இங்கேயே குடியிருக்கும் எங்களுக்கு அது தினசரி அவதி. ஆனால் அவர் போய் வந்த இடங்களைப் பாருங்கள்: தண்ணீர்மலை, லிட்டில் இந்தியா, கொடிமலை, கெக் லோக் சி புத்தர் கோயில், பத்து பெரிங்கி கடற்கரை. எல்லாமே தீவின் கிழக்கும் வடக்கும். தைப்பூசத்துக்கு வருகிறவர்களும் சரி, விடுமுறைக்கு வேன் எடுத்து வருகிற குடும்பங்களும் சரி, இதே வட்டத்துக்குள் சுற்றிவிட்டுப் பாலம் ஏறிவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் மலைக்கு அந்தப் பக்கம் வயலும் தோப்பும் மீனவர் கம்பங்களுமாக (கிராமங்களைத்தான் இங்கே கம்பம் என்கிறோம்) ஒரு பெரிய நாட்டுப்புறம் இருக்கிறது, அங்கே போகிற நம்மவர்கள் மிகக் குறைவு. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜார்ஜ் டவுனிலிருந்து கிளம்பி தீவை முழுதாக ஒரு சுற்று வந்தால் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். அவ்வளவுதான் தூரம். எங்கும் நிற்காமல் ஓட்டினால் ஒரு காலை நேரத்தில் முடிந்துவிடும், ஆனால் நிற்காமல் ஓட்டுவதாக இருந்தால் போகவே வேண்டாம் என்பேன். காலையில் சீக்கிரம் பசியாறிவிட்டு தஞ்சோங் புங்கா, பத்து பெரிங்கி வழியாகப் போங்கள். மாலையில் அந்த வழியாகத் திரும்பி வந்தால் பத்து பெரிங்கி கடைத்தெருவில் வண்டி நகராது. பத்து பெரிங்கியைத் தாண்டியதும் சாலை பாறையை ஒட்டி வளைந்து வளைந்து போகும், வலது பக்கம் கீழே கடல், இடது பக்கம் காடு. தெலுக் பகாங் வட்டச்சாலையில் நேரே போனால் தேசியப் பூங்கா வாசல், இடது பக்கம் திரும்பினால் மலை. இந்தத் திருப்பத்தில்தான் முக்கால்வாசிப் பேர் வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதீர்கள். வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தாண்டி, 1999-ல் கட்டி முடித்த அணைக்கட்டைத் தாண்டி, சாலை மேலே ஏறட்டும்.

ஏறும்போது கண்ணாடியை இறக்கி விடுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் அங்கே காற்றே வேறு. ஈர மண் வாசமும் பாசி வாசமும் வரும், பூச்சிகளின் இரைச்சல் காரின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். தித்தி கெராவாங் அருவிப் பக்கம் வந்ததும் சாலையோரம் ஒட்டுக்கடைகள் தென்படும். அருவியில் மழைக்காலம் தவிர மற்ற நாளில் பெரிதாகத் தண்ணீர் இருக்காது, அதை நம்பிப் போக வேண்டாம், கடைகளுக்காக நில்லுங்கள். ஜாதிக்காய் நம் வீடுகளில் காய்ந்த ஒரு கொட்டை. பிள்ளைக்கு உரசிக் கொடுப்போம், பிரியாணிக்குக் கொஞ்சம் சீவிப் போடுவோம். மரத்திலிருந்து வந்த பழத்தை நம்மில் பலர் பார்த்ததே இல்லை. வெளிர் மஞ்சள் நிறம், சின்னக் கொய்யா அளவு. பழுத்தால் தானாகவே நடுவில் வாய் பிளக்கும். விரலால் அகட்டிப் பார்த்தால் உள்ளே கரும்பழுப்பில் பளபளவென்று ஒரு கொட்டை, அதைச் சுற்றி ரத்தச் சிவப்பில் வலை பின்னியது போல ஜாதிபத்திரி. ஈரத்தில் அந்தச் சிவப்பைப் பார்த்தவர்களுக்கு, பொட்டலத்தில் வரும் ஆரஞ்சுச் சருகும் இதுவும் ஒன்றா என்று சந்தேகமே வரும். கடைக்கார மக்சிக்கிடம் (மலாய் அம்மாவிடம்) கேட்டால் ஒரு பழத்தைப் பிரித்துக் காட்டுவார், கொட்டை ஒரு பக்கம், பத்திரி ஒரு பக்கம். மிச்சமிருக்கும் சதையும் வீணாவதில்லை, சீவிச் சர்க்கரையில் ஊறவைக்கிறார்கள், சாறாகவும் கொடுக்கிறார்கள். புளிப்பும் துவர்ப்பும் கலந்த அந்தச் சாறு உச்சி வெயிலுக்குத் தொண்டையில் இறங்கும் சுகத்தை எந்த டின் பானமும் தராது.

இந்த மரம் இந்த மண்ணில் தானாக முளைத்ததில்லை. 1786-ல் தீவு கைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி மலுக்குத் தீவுகளிலிருந்து ஜாதிக்காயும் கிராம்பும் கொண்டுவந்து நட்டுப் பார்த்தது. அதே கம்பெனிதான் இந்தியாவிலிருந்து கைதிகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து காடு வெட்டவும் சாலை போடவும் வைத்தது. பினாங்கின் பழைய சாலைகளில் எத்தனையோ அவர்கள் கைபட்டவை. பெயர் தெரியாமல் போன அந்த மனிதர்களைப் பற்றி நம் பிள்ளைகளிடம் சொல்ல, வகுப்பறையைவிட அந்த மலை வளைவு பொருத்தமான இடம் என்று எனக்குத் தோன்றும்.

ஜூன், ஜூலை என்றால் டுரியான் பழக் காலம். சரிவு முழுக்க மரத்துக்கு மரம் வலை கட்டியிருப்பதைக் காரிலிருந்தே பார்க்கலாம். இங்கே பழத்தை மரமேறிப் பறிக்க மாட்டார்கள், முற்றித் தானாக விழ வேண்டும், விழுந்து சரிவில் உருண்டு அடிபடாமல் இருக்கத்தான் வலை. இரவில் விழுந்ததை விடியும்போது பொறுக்கி வந்து சாலையோரம் வைப்பார்கள், காலையில் போகச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். ஆங் ஹே, ஹோர் லோர், குன் போ, லிப்பான் என்று அவர்கள் சொல்லும் பெயர்கள் கோலாலம்பூர் கடைகளில் அதிகம் காதில் விழாது. ஆங் ஹே சுளை செம்மஞ்சளாக இருக்கும், ஹோர் லோர் கொஞ்சம் கசப்போடு வறண்டு, கெட்டியாக நாக்கில் ஒட்டும். இப்போது எல்லோரும் மூசாங் கிங் என்ற ரகத்தை மட்டுமே கேட்பதால் சில தோட்டங்களில் பழைய மரங்களை வெட்டி அந்த ஒட்டைக் கட்டுகிறார்கள். பாட்டன் நட்ட மரம் போய்விட்டால் அந்தச் சுவை திரும்பி வராது. ஆகவே கடையில் நின்றால் மூசாங் கிங் இருக்கிறதா என்று கேட்காமல், உங்கள் தோட்டத்துப் பழைய மரத்துப் பழம் எது என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் அவர்கள் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன், உட்காரவைத்து வெட்டிக் கொடுப்பார்கள்.

மலையிலிருந்து இறங்கினால் சுங்கை பினாங். அங்கிருந்து வலது பக்கம் பிரியும் சின்னச் சாலைகள் பந்தாய் ஆச்சேக்கும் கோலா சுங்கை பினாங்குக்கும் போகும். அவசரப்படுகிறவர்கள் இதைத் தவிர்த்துவிட்டு நேரே போய்விடுவார்கள், எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்ததே இந்தக் கிளைச் சாலைகள்தான். ஆற்று முகத்துவாரத்தில் பலகை வீடுகள், பலகைத் துறை, வலை தைக்கும் ஆட்கள், வற்றிய நேரத்தில் சேற்றில் சாய்ந்து கிடக்கும் படகுகள். பந்தாய் ஆச்சே பக்கம் பெலாச்சான் என்னும் இறால் விழுது செய்கிறார்கள். கெராகாவ் என்னும் பொடி இறால், நகக்கண் அளவுகூட இருக்காது, அதில் உப்புப் போட்டு வெயிலில் பரப்பி, இடித்து, மறுபடி பரப்பி, மறுபடி இடித்து, நிறம் சாம்பலிலிருந்து ஊதா கலந்த பழுப்புக்கு மாறும்வரை விடாமல் செய்வார்கள். வாடை காருக்குள் வரும், பிள்ளைகள் மூக்கைப் பிடிக்கும், பரவாயில்லை. நம் வீட்டுச் சம்பாலில் மணக்கும் பெலாச்சானுக்குப் பின்னால் எவ்வளவு வெயிலும் கைவலியும் இருக்கிறது என்பதை அவர்கள் ஒருமுறை நேரில் பார்க்கட்டும். ஒரு கட்டி வாங்கிக்கொண்டு வாருங்கள், நெடுநாள் தாங்கும்.

பாலிக் பூலாவ் பட்டணம் சின்னது, ஒரே நீளத் தெரு, பழைய கடைவீடுகள். மதியத்துக்கு முன் போய்விட்டால் லக்சா என்னும் நூடுல்ஸ் சூப் கிடைக்கும். புளிப்பும் காரமுமான ஆசாம் லக்சாவும் தேங்காய்ப்பால் ஊற்றிய சியாம் லக்சாவும் ஒரே கடையில் கிடைக்கும், இரண்டையும் வாங்கிப் பங்கிட்டுச் சாப்பிடுங்கள். ஆசாம் லக்சாக் கிண்ணத்தில் இருப்பவற்றை எண்ணிப் பார்த்தால், கெம்போங் மீன் கடலிலிருந்து, புங்கா காந்தான் என்னும் இஞ்சிப்பூவும் புதினாவும் தோட்டத்திலிருந்து, மேலே ஒரு கரண்டி ஊற்றும் அந்தக் கறுத்த இறால் பாகு, சற்று முன்னால் நீங்கள் வாடை பிடித்த மாதிரி ஒரு கம்பத்திலிருந்து. பட்டணத்துக்கு மேற்கே சுங்கை பூரோங் பக்கம் போனால் நெல் வயல். தீவில் மிச்சமிருக்கும் வயல் இந்த வட்டாரத்தில்தான். நாற்று நடும் காலத்தில் தண்ணீரும் வானமுமாக இருக்கும், கதிர் முற்றினால் மஞ்சள், வரப்பில் கொக்குகள், பின்னால் மலை. எல்லோரும் படம் எடுக்கிறார்கள். எடுங்கள், ஆனால் வரப்பில் நின்று எடுங்கள், பயிரை மிதித்துக்கொண்டு உள்ளே இறங்காதீர்கள்.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சாலையில் நாம் அழகு என்று சொல்வது எல்லாமே யாரோ ஒருவருடைய பிழைப்பு. வயல் பச்சையாக இருப்பது ஒருவர் உழுது நட்டதால், மலைச் சரிவு தோப்பாக இருப்பது ஒரு ஹக்காச் சீனக் குடும்பம் தலைமுறைகளாகப் புல் வெட்டிக்கொண்டிருப்பதால், துறையில் படகு நிற்பது விடியும் முன்பே ஒருவர் கடலுக்குப் போய்த் திரும்பியதால். அவர்கள் விட்டுவிட்டால் காட்சியும் போய்விடும். விடுவதற்கான காரணங்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே இருக்கின்றன. கிழக்கே இடம் தீர்ந்துபோனதால் மேம்பாட்டாளர்கள் மலைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள், கம்பத்து வீடுகளுக்கும் தென்னைகளுக்கும் நடுவே அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன, மதில் போட்ட பங்களா வரிசைகள் வந்துவிட்டன. நெல் விற்று வரும் வருமானத்தையும் நிலத்தை விற்றால் கிடைக்கும் பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டிய ஒரு விவசாயி என்ன முடிவெடுப்பார்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் போய் நின்று, அவர்களிடம் பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) பழமும் ஐந்து வெள்ளிக்குப் பெலாச்சானும் வாங்குவதால் இந்தக் கணக்கு முழுதாக மாறிவிடாது என்றும் தெரியும். ஆனாலும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பறந்து போகிற ஆயிரம் கார்களைவிட நின்று வாங்குகிற நூறு கார்கள் அந்த ஊருக்கு நல்லது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பாலிக் பூலாவிலிருந்து தெற்கே போனால் பூலாவ் பெத்தோங், அதைத் தாண்டிப் பாசிர் பஞ்சாங் கடற்கரை. நீள மணல், அதிகம் ஆளில்லாத இடம். 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை வந்தபோது பினாங்கில் 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை என்று குடும்பத்தோடு இந்தக் கடற்கரைக்கு வந்திருந்தவர்களும் அதில் உண்டு. அங்கே போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. சதுப்புக் காடு அடர்த்தியாக இருந்த கரைகளில் அலையின் வேகம் தணிந்தது என்பதை மீனவர்கள் அப்போதே சொன்னார்கள். அந்தச் சதுப்பு மரக் கன்றுகளை நட்டு வளர்க்கும் வேலையைக் கரையோர மீனவர்களே பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள். அடுத்த முறை காரிலிருந்து பார்க்கும்போது சேற்றில் வேர் தூக்கி நிற்கும் அந்த மரங்களை வெறும் புதர் என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்புறம் சாலை மறுபடி மலையேறி இறங்கும். கெர்தாக் சங்குல், தெலுக் கும்பார். கெர்தாக் சங்குலில் சாலை முடிகிற இடம்வரை போய், மரநிழலில் வண்டியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். எதிரே பூலாவ் கெண்டி என்ற சின்னத் தீவு தெரியும். படகுகள் மணலிலேயே ஏற்றிக் கிடக்கும், வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுக்கும் பாக்சிக்கிடம் (மலாய்ப் பெரியவரிடம்) பேச்சுக் கொடுத்தால் காற்று எந்தப் பக்கம், இந்த மாதம் என்ன மீன் என்று தொடங்கி, முடிவில் எல்லோரும் ஒரே விஷயத்துக்குத்தான் வருவார்கள். கிழக்கே கொஞ்சத் தூரத்தில், பெர்மாத்தாங் டாமார் லாவுட் கரைக்கு எதிரே, கடலைத் தூர்த்துத் தீவு உண்டாக்கும் வேலை 2023-ல் தொடங்கிவிட்டது. முதலில் மூன்று தீவு என்றார்கள், பிறகு ஒன்றாகக் குறைத்தார்கள், அந்த ஒன்றே 2,300 ஏக்கர். 1972-ல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை நம் குடும்பங்கள் எத்தனைக்கோ சோறு போட்டது, அதை மறுக்க மாட்டேன், வேலை வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் எனக்கில்லை. ஆனால் இறாலும் மீனும் கிடைத்து வந்த கரையோரக் கடலுக்குள் மண்ணைக் கொட்டிவிட்டு, சின்னப் படகுக்காரரை இன்னும் தூரம் போய்ப் பிடித்துக்கொள் என்றால், அந்த எண்ணெய்ச் செலவையும் அலையையும் யார் தாங்குவது? இழப்பீடு கொடுக்கிறோம் என்பது மட்டும் போதாது, அவர்கள் பிள்ளைகளும் அதே கடலில் பிழைக்க வழி இருக்க வேண்டும்.

மலைச் சரிவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 2017 அக்டோபரில் தஞ்சோங் புங்காவில் கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளிகள் மாண்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டே புக்கிட் குக்குஸில் சாலை வேலையின்போது சரிவு, அதில் 9 பேர். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். அந்த இரண்டு இடங்களும் இந்த மலையைச் சுற்றித்தான் இருக்கின்றன. இப்படிப்பட்ட மண்ணில், பாலிக் பூலாவ் மலைச்சாலையை அகலமாக்க வேண்டும், நேராக்க வேண்டும், வேகமாகப் போகலாம் என்று யாராவது பேசும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. அந்தச் சாலை மெதுவாகப் போவதற்கான சாலை. சனி ஞாயிறுகளில் மிதிவண்டிக்காரர்கள் கூட்டம் கூட்டமாக ஏறுகிறார்கள், வளைவில் முந்திச் செல்லும் கார்களும் அலறிக்கொண்டு போகும் பெரிய மோட்டார் சைக்கிள்களும் அவர்களை உரசிப் போவதைப் பார்த்தால் பதறுகிறது.

மாநகர் மன்றத்திடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமே இல்லை. சாலையை அகலப்படுத்தாமல், தித்தி கெராவாங் பக்கமும் இறக்கத்திலும் காரை ஒதுக்கி நிறுத்த இரண்டு மூன்று இடங்கள் ஒழுங்காக அமைத்துக் கொடுக்கட்டும், அங்கே குப்பைத் தொட்டியும் கழிப்பறையும் இருக்கட்டும். டுரியான் காலத்தில் வளைவிலேயே வண்டியை நிறுத்திவிட்டு இறங்குகிறார்கள், பழ ஓடுகளையும் பாலித்தீன் பைகளையும் கால்வாயில் தள்ளிவிட்டுப் போகிறார்கள், ஒரு மழைக்கு அது அடைத்துக்கொண்டு தண்ணீர் சாலைக்கு வருகிறது. இருக்கிற கொஞ்ச நெல் வயலை வயலாகவே வைத்திருப்போம் என்று எழுத்தில் உறுதி கொடுக்கட்டும். பேருந்தையும் கவனிக்கட்டும்: ஜார்ஜ் டவுனிலிருந்து தெலுக் பகாங்குக்கு 101 அடிக்கடி ஓடுகிறது, ஆனால் தெலுக் பகாங்கையும் பாலிக் பூலாவையும் இணைக்கும் 501-க்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். கார் இல்லாத குடும்பமும் இந்தப் பக்கம் வர வேண்டுமே.

ஈப்போ அன்பருக்கு: உங்கள் குடும்பத்தோடு ஒரு வார நாளில் வாருங்கள், சனி ஞாயிறு வேண்டாம். வயதானவர்கள் கூட இருந்தால் மலை வளைவுகளில் தலைசுற்றும், புளிப்பு மிட்டாய் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பங்களுக்குள் நுழையும்போது வேகத்தைக் குறையுங்கள், வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் பல மலாய்க் கடைகள் மூடியிருக்கும், அதற்கு ஏற்றாற்போல் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது பாயான் லெப்பாஸ், பத்து மாவுங் வழியாக வந்தால் 2014-ல் திறந்த இரண்டாவது பாலம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், ஜார்ஜ் டவுன் நெரிசலுக்குள் நுழையாமலே ஈப்போ பக்கம் இறங்கிவிடலாம்.

ஆசிரியர் அவர்களே, இந்தக் கடிதத்தைச் சுருக்கித்தான் போட முடியும் என்றால் மீனவர்களைப் பற்றியும் மலைச் சரிவைப் பற்றியும் எழுதிய பகுதிகளை மட்டும் வெட்டாமல் போடுங்கள், லக்சாவைப் பற்றி எழுதியதை எடுத்துவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு பதிப்பில் வந்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்,
கெலுகோர், பினாங்கு.